பழகுபவருக்கு உதவித்தொகை... பழக்குபவருக்கு?

மாகறலில் ஒரு பலாமரம் இருந்ததாம். நாளுக்கு ஒரு பழம் தவறாமல் தரும் அதிசய மரம். சேதி ராஜேந்திர சோழனின் காதுக்கு எட்டியது. பழம் தினமும் சிதம்பரத்துக்குப் போக வேண்டும், நடராஜருக்குப் படைத்த பிறகு பிரசாதம் தன்னிடம் வர வேண்டும் என்று உத்தரவு போட்டான். வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துச் சுமந்தார்கள். ஒருநாள் முறை ஒரு சிறுவனின் வீட்டுக்கு வந்தது. மரம் இருந்தால்தானே சுமை என்று அவன் அதைக் கொளுத்திவிட்டான்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரின் தல வரலாறு இப்படித்தான் தொடங்குகிறது. அப்புறம் அரசனின் கோபம், பொன் உடும்பு, புற்று, உடும்பின் வால் வடிவில் லிங்கம் என்று நீண்டு திருமாகறலீஸ்வரர் கோயிலில் வந்து நிற்கிறது. சம்பந்தர் பாடிய தலம் இது. அவரோ ராஜேந்திரனுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவர். தல வரலாறுகள் ஆண்டுக் கணக்கைப் பார்ப்பதில்லை.

கணக்கை விடுவோம். அரசனுக்குப் பழம் வேண்டும், சாமிக்கு நைவேத்தியம் வேண்டும். சுமக்கிறவனுக்கு என்ன என்று கதையில் ஒருவரும் கேட்கவில்லை. இந்திய நாடாளுமன்றம் 1961-இல் நிறைவேற்றிய தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டமும், பழக்கும் சுமையைத் தாங்குகிறவருக்கு என்ன என்று கேட்கவில்லை. இன்றைக்கு மாகறலைப் போன்ற ஊர்களிலிருந்து வாலாஜாபாத் வழியாக ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகளின் பிழைப்பு அந்தச் சட்டத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. முதலாளிகள் ஏன் அப்ரண்டிஸ் எடுக்கத் தயங்குகிறார்கள் என்று டெல்லியிலும் சென்னையிலும் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டும் கேள்வி தீரவில்லை என்றால், அதற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது.

சிறை, அபராதம், காலி இடம்

1962 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தில் கட்டாயம் நிறைய இருந்தது. எந்தத் தொழிலில் எத்தனை தொழிலாளிக்கு எத்தனை பழகுநர் என்ற விகிதத்தை அரசே நிர்ணயிக்கும். அதிகாரி ஆலைக்கு வந்து ஆளை எண்ணிப் பார்த்து, உங்களுக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கிவிட்டுப் போவார். சேர்க்காத முதலாளிக்கு ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் அபராதம்.

இதைச் சிரத்தையாக ஏற்றுக்கொண்டவை பெரும்பாலும் அரசு நிறுவனங்கள்தான். பெரம்பூர் ஐ.சி.எஃப்., நெய்வேலி நிலக்கரி நிறுவனம், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவை ஆண்டுதோறும் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தன. ரயில்வே வட்டாரத்தில் 'ஆக்ட் அப்ரண்டிஸ்' என்பது தனி அடையாளமாகவே ஆனது. பயிற்சி முடித்தவர்கள் வேலை கேட்டு நின்றபோது, வேலை தந்தே ஆக வேண்டிய கடமை நிறுவனத்துக்கு இல்லை என்ற சட்டத்தின் 22-ஆவது பிரிவு குறுக்கே வந்தது. 1995-இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழி சொன்னது: மற்ற தகுதிகள் சமமாக இருந்தால், அங்கே பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை.

தனியார் ஆலைகள் சட்டத்தோடு மல்லுக்கட்டவில்லை, சுற்றிக்கொண்டு போயின. 2014 வாக்கில் நாடு முழுவதும் ஒதுக்கப்பட்டிருந்த இடங்கள் 4.9 லட்சம். நிரம்பியவை ஏறத்தாழ 2.8 லட்சம். நூறு கோடிக்கு மேல் ஜனத்தொகை உள்ள நாட்டில் ஒதுக்கீடே அவ்வளவுதான், அதிலும் பாதிக்குச் சற்று மேல்தான் ஆள். ஆலைகளுக்கு இளைஞர்கள் தேவைப்படாமல் இல்லை. 'டிரெய்னி' என்ற பெயரில் சட்டத்துக்கு வெளியே அவர்களை வைத்துக்கொண்டார்கள். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அந்தக் கணக்குக்குள் சிக்காமல் அடையாள அட்டையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள் என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் புகார்.

2014 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. சிறை போனது. சேர்க்காத ஒவ்வொரு பழகுநருக்கும் முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய், அதன் பிறகு 1,000 ரூபாய் அபராதம் என்று தண்டனை சுருங்கியது. தொழில்வாரி விகிதம் எடுக்கப்பட்டு, மொத்த ஆட்களில் 2.5 முதல் 10 சதவீதம் என்று முதலாளியே முடிவு செய்யும் இடைவெளி வந்தது. 2019-இல் மேல் வரம்பு 15 சதவீதமானது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்குக் கட்டாயம், 4 முதல் 29 பேர் உள்ள இடங்களுக்கு விருப்பம். நடுவில் 2016 ஆகஸ்ட் 19-இல் தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் தொடங்கி, உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரம்புக்குள், மத்திய அரசே ஏற்றது.

எண்ணிக்கை ஏறியது உண்மை. 2016 முதல் 2025 மே வரை இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் 43 லட்சத்துக்கும் மேல். குச்சியைக் கீழே போட்டு வெல்லத்தைக் கையில் எடுத்ததற்குப் பலன் இல்லாமலில்லை. ஆனால் வெல்லம் யார் வாய்க்குப் போனது என்று பார்க்க, ஒரு சிறு பட்டறைக்குள் நுழைய வேண்டும்.

ஒரு புள்ளி தள்ளினால்

பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது, முப்பத்தைந்து பேர். நான்கைந்து சி.என்.சி. மெஷின், இரண்டு பழைய லேத், ஒரு டிரில்லிங். ஒரகடத்தைச் சுற்றி இப்படிப்பட்ட பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்த பையன் அப்ரண்டிஸாக வந்து சேர்கிறான். முதல் சில நாள் பீஸில் பர் (விளிம்புப் பிசிறு) எடுப்பது, கழுவி டிரேயில் அடுக்குவது. அப்புறம் வெர்னியர், மைக்ரோமீட்டர். இதுவரை சேதமில்லை. மெஷினில் ஆஃப்செட், அதாவது டூல் தேய்மானத்துக்கு ஈடான திருத்த அளவு, கொடுக்கப் பழகும் நாளில்தான், மெஷின்களை வேலைக்குத் தயார் செய்யும் செட்டருக்கு வயிற்றைக் கலக்கும். டூல் தேய்ந்திருக்கிறது, 0.05 கொடு என்று அவர் சொல்ல, பையன் 0.5 என்று அடித்துவிட்டால் அந்த பீஸ் குப்பைக்குத்தான். பூஜ்ஜியம் எடுப்பதில் கோட்டைவிட்டு டூல் நேராகச் சக்கில் மோதினால் இன்சர்ட் தெறிக்கும். அடி பலமாக விழுந்தால் டர்ரட்டின் அலைன்மென்ட்டே போய், சர்வீஸ் ஆள் வரும்வரை மெஷின் நிற்கும். அதனால் செட்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு பட்டனையும் பையன் அழுத்துவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். அவர் நிற்கும் நேரத்தில் அவருடைய மற்ற இரண்டு மெஷின்களில் செட்டிங் காத்துக் கிடக்கும். ஷிஃப்ட் முடிவில் அவரிடம் கேட்கப்படும் கேள்வி எத்தனை பீஸ் போச்சு என்பதுதான். பையன் என்ன கற்றுக்கொண்டான் என்று எவரும் கேட்பதில்லை.

விளைவு தெரிந்ததே. புத்திசாலிச் செட்டர் பையனை பர் எடுக்கவே விட்டுவிடுவார். ஆண்டு முடியும், சான்றிதழ் வரும், ஆஃப்செட் வராது.

இப்போது வெல்லத்தின் கணக்கு. 2019 விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். அதில் அரசின் பங்கு 1,500, முதலாளியின் பங்கு 5,500. முதலில் முழுத் தொகையையும் முதலாளியே கொடுத்துவிட்டுப் பிறகு அரசிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சிறு பட்டறைக்காரர்கள் அந்தப் பணத்தைக் கணக்கில் வைப்பதையே விட்டிருந்தார்கள். 2023 ஆகஸ்ட் முதல் அரசின் பங்கு நேரடியாகப் பழகுநரின் வங்கிக் கணக்கில் விழுகிறது. உருப்படியான திருத்தம்தான். ஆனால் செட்டர் இழந்த நேரம், உடைந்த இன்சர்ட், குப்பைக்குப் போன பீஸ் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கில் தலைப்பே கிடையாது.

பயங்கள் இன்னும் உண்டு. பழகுநர் தொழிலாளி அல்ல, ஆகவே இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் இல்லை. இதைச் சலுகை என்று சொல்லி முதலாளியை அழைக்கிறார்கள். கையில் அடிபட்டால் அதே சலுகை திரும்பிக் கடிக்கும். இ.எஸ்.ஐ. மருத்துவமனை கிடையாது, இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளியின் தலையில். அரசு போர்ட்டலில் பதிவு, ஒப்பந்தம், ஆதார் சரிபார்ப்பு, மாதாமாதம் வருகைப் பதிவு எல்லாம் செய்ய எச்.ஆர். என்று ஒருவர் பெரிய கம்பெனியில் இருப்பார். பட்டறையில் முதலாளியே எச்.ஆர்., அவரே பர்ச்சேஸ், அவசரத்துக்கு அவரே டெம்போ டிரைவர்.

எல்லாவற்றுக்கும் மேலே, கற்றவன் ஓடிவிடுவான் என்ற பயம். ஆஃப்செட் கொடுக்கத் தெரிந்த பையனுக்கு ஏ.சி. பஸ்ஸும் கேன்டீனும் யூனிஃபார்மும் காட்டும் பெரிய ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. பட்டறை செலவு செய்து கற்றுக்கொடுக்கும், பலனைப் பெரிய ஆலை எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு முடிச்சை அவிழ்க்காமல் உதவித்தொகையில் ஆயிரம் இரண்டாயிரம் கூட்டுவதால் பட்டறைக்காரர் மனம் மாறுவார் என்று நினைப்பது வெகுளித்தனம்.

வெளியே என்ன செய்தார்கள்

இந்தப் பேச்சு வந்தாலே ஜெர்மனியை இழுக்காமல் முடியாது. அங்கேயும் மூன்றாண்டுப் பயிற்சியின் செலவைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பயிற்சிக் காலத்தில் கம்பெனிக்குச் சராசரியாகக் கைநஷ்டம்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பயிற்சி முடித்தவர் அங்கேயே தங்கும்போதுதான் பணம் திரும்புகிறது. பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில் கணக்கு வேறு. பழகுநர் செய்து தரும் வேலையின் மதிப்பே சராசரியாகச் செலவைத் தாண்டிவிடுகிறது. பையனைக் காலத்தோடு உருப்படியான வேலையில் இறக்குவதுதான் வித்தியாசம்.

ஜெர்மனியின் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம்மவர்கள் அதிகம் பேசாத பகுதி மேற்பார்வை பற்றியது. தேர்வுக் குழுவில் முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் சம எண்ணிக்கையில் உட்காரும், தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவரும் இருப்பார். பதிவு, தேர்வு, தகராறு எல்லாம் உள்ளூர்த் தொழில் வர்த்தகச் சங்கத்தின் பொறுப்பு, அரசு அலுவலகத்தின் பொறுப்பு அல்ல. பட்டறையில் கற்றுக்கொடுப்பவர் அதற்கென்று ஒரு தனித் தேர்வு எழுதித் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

இந்தத் தேர்வுக்கு ஒரு சுவையான பின்கதை உண்டு. முதலாளிகளை இன்னும் தாராளமாக ஆள் எடுக்க வைக்கலாம் என்று 2003-இல் அந்தக் கட்டாயத்தை நிறுத்திவைத்தார்கள். கெடுபிடி குறைந்தால் கூட்டம் கூடும் என்ற, நமக்கும் பழக்கமான எண்ணம். தரம் பற்றிய கவலை வளர்ந்து, 2009-இல் மீண்டும் கட்டாயமாக்கினார்கள். முதலாளியைக் கவர்வதற்காகக் கற்றுக்கொடுப்பவரின் தகுதியைத் தளர்த்துவது எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆறே ஆண்டுகளில் கண்டுகொண்டார்கள்.

இங்கிலாந்து வரி போட்டுப் பார்த்தது. 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 0.5 சதவீதம் பயிற்சி வரி கட்ட வேண்டும், அதைப் பயிற்சிக்கே செலவு செய்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். புதிதாகச் சேரும் பழகுநர் எண்ணிக்கை சரிந்தது. ஏற்கெனவே வேலையில் இருந்த மேலாளர்களின் மேற்படிப்புக்குப் பணத்தின் ஒரு பங்கு போனது. பெரிய நிறுவனத்துக்குப் பணத்தைத் திருப்பத் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் ஏற்பாடுதான் ஒரகடத்துப் பட்டறைக்காரருக்குக் கிட்டத்தில் வருகிறது. அங்கே குழுப் பயிற்சி நிறுவனம் என்று ஒன்று பழகுநரைத் தன் பெயரில் வேலைக்கு எடுத்துச் சிறு நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. காகிதம், காப்பீடு எல்லாம் அதன் பொறுப்பு. ஒரு பட்டறையில் ஆர்டர் இல்லாமல் போனால் பையனை இன்னொரு பட்டறைக்கு மாற்றும். நம் விதிகளிலும் மூன்றாம் தரப்பு ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் ஆள் சப்ளை ஏஜென்சிகள் வந்து உட்கார்ந்துகொண்டன. தலைக்கு இவ்வளவு என்று ஆள் சேர்க்கும் ஏஜென்சிக்கு, சேர்ந்தவன் என்ன கற்றான் என்பதில் என்ன அக்கறை இருக்க முடியும்?

2023 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தரமான பழகுநர் பயிற்சி பற்றிய 208-ஆம் எண் பரிந்துரையை ஏற்றது. முதலாளி, தொழிலாளி, அரசு என முத்தரப்பும் சேர்ந்து நடத்துவது அதன் அடிநாதம். இந்தியாவிலும் மத்தியப் பழகுநர் கவுன்சிலும் மாநிலக் கவுன்சிலும் இருக்கின்றன, மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் திறன் குழு இருக்கிறது. நாற்காலிகளுக்குக் குறைவில்லை. பட்டறைக்காரரும் செட்டரும் அந்த நாற்காலிகளில் இல்லை.

பக்கத்திலேயே இருப்பது

காஞ்சிபுரம் மாவட்டத்தில் தொடங்குவதற்கு வேண்டிய பொருள் ஏராளம். டாட்டா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் 4.0 மையங்களாக மாற்றும் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஒரகடம் ஐ.டி.ஐ.யும் ஒன்று. 2023 ஜூலையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கேதான் மையத்தைத் தொடங்கிவைத்தார். ரோபோ, சி.என்.சி., முப்பரிமாண அச்சு எல்லாம் வந்துவிட்டன. கொஞ்சம் தள்ளி, வல்லம் வடகாலில் யமஹா தன் ஆலையிலேயே 2017 முதல் ஜப்பானியப் பாணிப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. பாதி ஐ.டி.ஐ., பாதி ஆலை என்ற இரட்டைப் பயிற்சி முறையை மத்திய அரசு 2016-இலேயே அறிமுகப்படுத்திவிட்டது.

யமஹா போன்ற நிறுவனம் தன் தேவைக்குத் தானே பள்ளி நடத்திக்கொள்ளும். அதற்கு உதவி செய்ய அரசு அவ்வளவு மெனக்கெட வேண்டாம். அந்த ஆலைகளுக்குப் பாகம் கொடுக்கும் இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்குப் பட்டறைகளில்தான் மாகறலிலிருந்தும் உத்திரமேரூரிலிருந்தும் வரும் பிள்ளைகளில் பலர் போய்ச் சேர்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் இன்று வந்திறங்கியிருக்கும் புது மெஷினில் முதல் கட்டப் பயிற்சியை முடித்து, மோதினாலும் பரவாயில்லை என்ற இடத்தில் ஆஃப்செட் பழகி, அப்புறம் பட்டறைக்கு வந்தால் செட்டரின் பாரம் பாதி குறையும். பயிற்சியின் அடிப்படைப் பகுதிக்கு 500 மணி நேரம், பழகுநருக்கு 7,500 ரூபாய் என்று 2016-இன் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்திலேயே கணக்கு வைத்தார்கள். அன்றைக்கு இப்படிப்பட்ட மெஷின்கள் அரசு ஐ.டி.ஐ.யில் இல்லை.

ஆள் ஓடிவிடும் பிரச்சினைக்குப் பட்டறைகளின் சங்கம்தான் வழி. இருபது பட்டறைகள் கூட்டாகப் பழகுநர் எடுத்தால், ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவன் ஓடிப்போனவன் ஆகமாட்டான். பாகம் வாங்கும் பெரிய ஆலையிடமும் அந்தச் சங்கம் பேசலாம். தன் வண்டியில் போகும் பாகத்தின் தரம் அந்தப் பையன் கையில் இருக்கிறது என்பதால், பயிற்சிச் செலவில் ஒரு பங்கைப் பாகத்தின் விலையிலேயே சேர்த்துக் கொடுப்பதில் ஆலைக்கு நியாயம் இருக்கிறது. தனி ஒரு பட்டறைக்காரர் பர்ச்சேஸ் மேனேஜரிடம் போய் இதைக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முதலாளிக்குக் கவர்ச்சியாக்குவது என்பதை மலிவாக்குவது என்று புரிந்துகொண்டால், தொழிற்சங்கங்கள் பயப்படுவதுதான் நடக்கும். 7,000 ரூபாய்க்கு ஓராண்டு லைனில் ஓட்டிவிட்டு, அடுத்த ஆண்டு அடுத்த கூட்டத்தை இறக்கும் ஆலைக்கு அரசு மாதம் 1,500 கொடுத்து ஊக்குவித்தது போலாகும். அதற்கும் மருந்து செட்டர்தான். இன்னார் கற்றுக்கொடுக்கிறார், அவருக்கு இந்தத் தகுதி, அவருக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பெயரோடு பதிவு செய்யாத இடத்துக்கு உதவி இல்லை என்று ஒரு வரி போட்டால், உண்மையில் கற்றுத்தரும் இடமும் ஆள் பிடிக்கும் இடமும் தானாகப் பிரிந்துவிடும்.

2025 மே மாதம் மத்தியப் பழகுநர் கவுன்சில், உதவித்தொகையை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. 5,000 முதல் 9,000 வரை இருப்பது 6,800 முதல் 12,300 வரை ஆகும். ஒரகடத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் பையனுக்கு அவசியமான உயர்வு. அரசின் பங்கு 1,500-லேயே நின்றால், ஐ.டி.ஐ. பையனுக்காகப் பட்டறைக்காரர் கொடுக்கும் 5,500 எட்டாயிரத்தைத் தாண்டும். செட்டருக்கு அப்போதும் ஒன்றும் இல்லை.

தறியில் காலியான இருக்கை

இதெல்லாம் இரும்பின் கதை. காஞ்சிபுரத்தின் பட்டில் கற்றுக்கொடுப்பவரின் நிலை இதைவிட மோசம்.

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டின் ஊடை நூலும் சந்திக்கும் கோட்டில் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டே வர வேண்டும். ஒரு முறை நழுவினால் கரை விட்டுவிடும். ஊடை நூல் தாங்கிய மூன்று நாடா ஓடுகிறது. அகலமான தறியில் நெசவாளரின் கை இரு ஓரத்துக்கும் எட்டாது என்பதால், வலது ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் தள்ள வேண்டும். அந்த ஓர இருக்கைதான் தலைமுறை தலைமுறையாகக் காஞ்சிபுரத்தின் பள்ளிக்கூடமாக இருந்தது. ஏழெட்டு வயதில் அங்கே உட்கார்ந்த பிள்ளை, நாடா தள்ளிக்கொண்டே பாவு பிணைக்கவும், இழை அறுந்தால் முடிபோடவும், நெருக்கம் பார்க்கவும் கற்று, வாலிபத்தில் தனித் தறி ஏறியது.

அதே இருக்கைதான் கொத்தடிமை இருக்கையாகவும் இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை தறியில் உட்கார்ந்தது. இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைக் கொத்தடிமை பற்றி 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அரசும் தொண்டு நிறுவனங்களும் பாடுபட்டுப் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். செய்ய வேண்டியதைச் செய்தார்கள், அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

பிள்ளை எழுந்த இருக்கையில் வயது வந்த பழகுநர் ஒருவரை உட்காரவைக்கும் ஏற்பாட்டை மட்டும் எவரும் செய்யவில்லை. இன்று பல வீடுகளில் அங்கே மனைவி உட்காருகிறார். ஆள் இல்லாத வீட்டில் கோர்வை இல்லாத கரையாக நெய்து கொடுத்துவிடுகிறார்கள். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய புடவையின் பெருமைக்குரிய நுட்பம், உதவிக்கு ஓர் ஆள் கிடைக்காமல் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

நெசவாளர் ஏன் ஓர் இளைஞரை எடுத்துப் பழக்கவில்லை என்று கேட்டால், ஒரகடத்துச் செட்டரின் பதில்தான் வரும், இன்னும் கூர்மையாக. செட்டருக்காவது மாதச் சம்பளம் இருக்கிறது. நெசவாளருக்குப் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. புதியவரை ஓரத்தில் உட்காரவைத்தால் நாளுக்கு ஓடும் முழம் குறையும், பிசகினால் பிரித்து நெய்ய வேண்டும், பட்டும் ஜரிகையும் வீணானால் கூலியில் பிடித்தம். பழக்கும் செலவு முழுவதையும் பழக்குபவரே தன் கூலியிலிருந்து கட்டுகிறார். கைத்தறி முதலாளியோ சங்கமோ அதில் ஒரு பைசா இழப்பதில்லை, அதனால் கவலைப்படுவதும் இல்லை.

பழகுநர் சட்டம் இந்த வீட்டு வாசலுக்கே வராது. கணவனும் மனைவியும் உட்காரும் தறி, 4 பேர் என்ற கீழ் வரம்பைக்கூடத் தொடாது. நெசவாளர் சேவை மையத்திலும் மத்திய ஜவுளித் துறையின் சமர்த் திட்டத்திலும் நடக்கும் சில வாரப் பயிற்சிகளில் தறியை அறிமுகம் செய்துகொள்ளலாம். கோர்வைக்கு வருடக்கணக்கு வேண்டும்.

ஆனால் காஞ்சிபுரத்தில் பட்டறைக்காரர்களிடம் இல்லாத ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அறிஞர் அண்ணா, முருகன், காமாட்சியம்மன் என்று பெயர் தாங்கிய பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள். பாவும் பட்டும் ஜரிகையும் கொடுப்பது சங்கம், கூலி கொடுப்பது சங்கம், புடவையை விற்பது சங்கம். பழகுநரைத் தன் பெயரில் பதிவு செய்து உறுப்பினர் வீட்டுத் தறிக்கு அனுப்ப, ஆஸ்திரேலியாவிலிருந்து எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. கீழ்க்கதிர்ப்பூரில் பேரறிஞர் அண்ணா பட்டுப் பூங்கா இருக்கிறது, முதல் ஆறு மாதத்துக்கு அங்கேயே பழைய பாவில் பழக்கலாம்.

பழக்குபவருக்குக் கூலி என்பதும் அரசுக்குப் புதிதல்ல. 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசுச் சிற்பப் பயிற்சி நிலையம், இன்றைய கட்டட, சிற்பக் கலைக் கல்லூரி, பரம்பரைச் சிற்பிகளைச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களாக உட்காரவைத்தது. கலைகளுக்கான மத்திய அரசின் குரு-சிஷ்யத் திட்டம் இன்னும் நேரடியானது. தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம் போன்ற மண்டல மையங்கள் வழியாக நடக்கும் அதில் குருவுக்கு மாதம் 7,500 ரூபாய், பக்கவாத்தியக்காரருக்கு 3,750, சிஷ்யருக்கு 1,500 என்று வகுத்திருக்கிறார்கள். சிஷ்யருக்கு அங்கே கொடுப்பதும் பழகுநருக்கு மத்திய அரசு இங்கே கொடுப்பதும் ஒரே 1,500. கலைக்கு மட்டும் குருவுக்கென்று ஒரு தொகை ஒதுக்கத் தோன்றியிருக்கிறது.

ஒரு சங்கம், கோர்வை நெய்யும் பத்து உறுப்பினர்களிடம் ஆளுக்கொரு பழகுநரை விட்டு, அதே 7,500 ரூபாயைப் பழக்கும் நெசவாளருக்குக் கொடுத்தால் ஆண்டுக்கு ஆகும் செலவு 9 லட்சம். மூன்றாண்டுக்கு 27 லட்சம். கைத்தறித் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையில் அதற்கு ஒரு வரி போதும்.